அறிவியல் படித்தவர் ஆண்டால்

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் அரசியல் பேச்சு எங்கே தொடங்கினாலும், விஞ்ஞானிகள் ஆட்சிக்கு வந்தால்தான் நாடு உருப்படும் என்ற இடத்தில்தான் பெரும்பாலும் வந்து நிற்கிறது. இந்திய அறிவியல் கழகம், இஸ்ரோ, எச்.ஏ.எல். என்று உறவில் யாராவது ஒருவர் வேலை பார்க்கிற ஊர் என்பதால், இந்த நம்பிக்கை இங்கே சற்று அழுத்தமாகவே வேரூன்றியிருக்கிறது. சான்றாக முதலில் அப்துல் கலாமைச் சொல்வார்கள். அடுத்து, 2005 முதல் 2021 வரை ஜெர்மனியின் சான்சலராக, அதாவது ஆட்சித் தலைவராக இருந்த அங்கேலா மெர்கலைச் சொல்வார்கள். கலாம் வகித்த பதவியில் ஆட்சி நடத்தும் அதிகாரம் இல்லை என்பதால் அவரை இந்த வாதத்துக்குள் இழுப்பது முறையன்று. மெர்கலை ஆராயலாம், ஆனால் அவரைத் தலைவராக்கியது ஆய்வுக்கூடம் அன்று, அதை விட்டு வெளியேறிய பின் அவர் பொறுமையாகக் கற்றுக்கொண்ட அரசியல்தான் என்பது என் கருத்து.

1954இல் ஹாம்பர்க்கில் பிறந்த அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே, பாதிரியாரான தந்தையின் பணிக்காகக் குடும்பம் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. லைப்சிக்கில் இயற்பியல் படித்து, 1978இல் கிழக்கு பெர்லினில் அறிவியல் அகாடமியின் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, 1986இல் குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். இயற்பியலை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை 2020 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அவரே விளக்கினார்: எதை வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய அரசால் ஈர்ப்பு விசையையும் ஒளியின் வேகத்தையும் ரத்து செய்ய முடியாது என்பதே காரணம். ரகசியக் காவல்துறை தன்னை உளவு சொல்ல அழைத்தபோது, தன்னால் எதையும் மனத்தில் அடக்கிவைக்க முடியாது என்று சொல்லித் தப்பித்ததாகவும் அவர் கூறியிருக்கிறார். அறிவியல் அவருக்கு அரசியலிலிருந்து ஒதுங்கியிருக்க அமைந்த புகலிடமாகத்தான் இருந்தது.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தபோது அவருக்கு வயது 35. சில வாரங்களில் புதிதாகத் தோன்றிய ஒரு சிறு கட்சியில் சேர்ந்தார். 1990இல் கிழக்கு ஜெர்மனியின் கடைசி அரசுக்குத் துணைச் செய்தித் தொடர்பாளரானார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். அந்தத் தேர்தலின்போது ரூகன் தீவில் மீனவர்களின் குடிசையில் அவர்களோடு அமர்ந்திருக்கும் மெர்கலின் புகைப்படம் பின்னாளில் புகழ்பெற்றது. பால்டிக் கடலோரத்தில் உள்ள அந்தப் பகுதி மக்கள் அவரை எட்டு முறை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். முனைவர் பட்டம் பெற்ற மகள் ஒருத்தி வாக்குக் கேட்டு மீனவர் குடிசைக்குப் போவதாகச் சொன்னால், விஞ்ஞானிகள் ஆள வேண்டும் என்று பேசுகிற நம் வீடுகளில் முதலில் எழுவது, அவ்வளவு படித்துவிட்டு இதற்கா என்ற கேள்வியாகத்தான் இருக்கும்.

அந்தச் சிறு கட்சி பின்னர் இணைந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்குள் அவர் நடந்துகொண்ட விதமும் ஆய்வுக்கூடத்தில் கற்றதன்று. தம்மைப் பெண்பிள்ளை என்று செல்லமாக அழைத்து அமைச்சராக்கிய முன்னாள் சான்சலர் ஹெல்முட் கோல், கட்சி நிதி முறைகேட்டில் சிக்கியபோது, கட்சி இனி அவரைச் சாராமல் நடக்கப் பழக வேண்டும் என்று 1999 டிசம்பரில் நாளிதழில் கட்டுரை எழுதினார் மெர்கல். நான்கு மாதத்தில் கட்சித் தலைவி, 2005இல் சான்சலர். அந்தத் துணிவை எந்தச் சமன்பாடும் கற்றுத் தந்திருக்காது.

அறிவியல் கைகொடுத்த இடமும் உண்டு. கொரோனாவின்போது, 2020 ஏப்ரலில், ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்று பரவுகிறது என்ற விகிதம் 1.1 ஆனால் அக்டோபரிலும், 1.2 ஆனால் ஜூலையிலும், 1.3 ஆனால் ஜூனிலும் மருத்துவமனைகள் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும் என்று தாளைப் பார்த்துப் படிக்காமல் அவர் விளக்கியது, நான் பார்த்த அரசியல் பேச்சுகளில் மிகத் தெளிவானது. ஆனால், 2010இல் அணுமின் நிலையங்களின் ஆயுளை நீட்டித்தவரும், அடுத்த ஆண்டு ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் அவற்றை மூட முடிவெடுத்தவரும் அதே மெர்கல்தான். அந்த இடைவெளியில் இயற்பியல் மாறவில்லை. மக்களின் அச்சம் மாறியிருந்தது, அதை அவர் மதித்தார். 2014இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட பிறகும், ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுவரும் இரண்டாவது குழாய்த் திட்டத்தை வெறும் வணிகம் என்று அவர் சொல்லிவந்தார். அவர் பதவி விலகிய 2021இல் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கும் மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. உக்ரைன் போர் மூண்டபின், 2022 ஜூனில், தம் ரஷ்யக் கொள்கைக்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்றார். அவர் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆனாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.