"பார்த்து வாங்கியிருக்கலாமே" என்று எழுதியவர்களுக்கு

கடந்த வாரம் இங்கே சிங்கப்பூரில் ஓர் இளைஞர் பழைய கார் வாங்கி ஏமாந்த விவகாரத்தில் நம்மவர்கள் எழுதிய கருத்துகளை முழுவதும் படித்தேன். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைக் குறைத்துக் காட்டி வண்டியை விற்றவர் யார் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஆனாலும் தீர்ப்பு என்னவோ வாங்கிய அந்த இளைஞருக்கு எதிராகவே வந்திருக்கிறது. "பார்த்து வாங்கியிருக்கலாமே", "விலை குறைவு என்றதும் ஓடினால் இப்படித்தான்" என்று ஆளுக்கொரு அறிவுரை. எல்லாம் தெரிந்த பெரியவர் ஒருவர், "கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று வழக்கையே முடித்து வைத்துவிட்டார்.

ஐயா, செய்ய முடியும். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம், ஒரு பொருள் எவ்வளவு பயன்படுத்தப்பட்டது என்பதைப் பற்றிப் பொய் சொல்வதை நியாயமற்ற நடைமுறையாகவே பட்டியலிட்டிருக்கிறது. 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, குறையுள்ள பொருள்களை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் பழைய வாகனங்களுக்கும் பொருந்தும். வண்டியை எடுத்த ஆறு மாதங்களுக்குள் குறை தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறவோ வழியுண்டு. "உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்" என்று எழுதி வாங்கினாலும் இந்த உரிமைகள் பறிபோவதில்லை. அந்தப் பெரியவர் இந்த வரியை இன்னொரு முறை படிக்கட்டும்.

பழைய வண்டியில் தேய்மானம் இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். தேய்ந்த பிரேக் பேடுக்காக யாரும் சிறு தொகை வழக்குகளைத் தீர்க்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகச் சொல்லவில்லை. பேச்சு, சொன்ன பொய்யைப் பற்றியது.

என் தம்பி ஊபி வட்டாரத்தில் ஒரு வண்டி எடுத்தான். விற்றவர் தமிழர். "நம்ம பிள்ளை, உங்களிடம் பொய் சொல்வேனா, விபத்து எதுவுமே கிடையாது" என்று நேரில் சொன்னதோடு வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். பிறகு காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்காரர் பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரத்தை வெளியே எடுத்துக் காட்டினார். அடித்தகடு நெளிந்து, தட்டி நிமிர்த்தப்பட்டிருந்தது; தகடுகளின் இணைப்பில் பூசும் ஒட்டுப்பசை தொழிற்சாலைக் கோடுபோல் நேராக இல்லாமல் கையால் அப்பியதுபோல் திட்டுத்திட்டாக இருந்தது; விபத்தில் அடிபட்ட வண்டி. ஆட்கள் வாடிக்கையாகத் தூக்கிப் பார்க்கும் இடமா அது? சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தின் சமரசப் பேச்சில் அந்த வாட்ஸ்அப் செய்தியை எடுத்துக் காட்டிய பிறகுதான் விற்றவர் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர இசைந்தார். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை கோரலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

"வியாபாரிக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், முந்தைய உரிமையாளர் ஏமாற்றியிருக்கலாம்" என்று ஒருவர் மிகுந்த கருணையோடு எழுதியிருந்தார். இந்தக் கருணை வாங்கியவர் பக்கம் ஒரு துளியும் திரும்பவில்லை என்பதுதான் வியப்பு. தவறான விவரம் பற்றிய சட்டப்படி, தான் சொன்னது உண்மை என நம்பத் தகுந்த காரணம் இருந்தது என்பதை விற்றவரே காட்ட வேண்டும்; வண்டி வாங்கி விற்பதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. வியாபாரியல்லாத தனிநபரிடம் வாங்கினால் லெமன் சட்டம் துணைக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் பொய் பொய்தான், அதன்பேரில் வழக்குத் தொடரலாம்.

விக்காம் வாகனச் சோதனை நிலையத்தில் சோதித்திருக்கலாமே என்பது நல்ல யோசனைதான், அடுத்து வாங்குபவருக்கு. ஏமாந்து நிற்பவரிடம் அதைச் சொல்வது யோசனையா, குத்தலா?

எங்களுக்கு அன்று வலித்தது பணம்கூட அல்ல. "நம்ம ஆளைப் போய் மன்றத்துக்கு இழுக்கலாமா" என்று எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டவர்கள் உண்டு. நம்ம ஆள் நம்ம பிள்ளையின் சேமிப்பில் கை வைத்தபோது இந்த உறவு முறை எங்கே போயிருந்தது? தமிழில் பேசியதால்தானே தம்பி அவரை நம்பினான்? கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதுவும் எங்களிடம்தான், விற்றவரிடம் அல்ல.

அந்த இளைஞர் இதைப் படித்தால், விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), உரையாடல்கள், ஒப்பந்தம், பட்டறை அறிக்கை எதையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பயனீட்டாளர் சங்கத்தை முதலில் அணுகலாம், நேரடியாக மன்றத்தில் பதியவும் செய்யலாம். ஆவணங்களைத் தொகுக்க உதவி தேவையென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். "பார்த்து வாங்கியிருக்கலாமே" என்று எனக்கும் எழுத நினைப்பவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.