எரேமியா 29:11 யாருக்கு எழுதிய கடிதம்?

ஒரு இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசியது உங்களில் பலருக்குத் தெரியும். யார், எந்தச் சபை என்பதெல்லாம் வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை முன்வரிசையில் வைத்துக்கொண்டு, "கடவுள் கொடுத்த வாக்குத்தத்தம் பொய்க்காது, விசுவாசத்தில்தான் எங்கோ குறை" என்று பேசலாமா? அதற்கு ஆதாரமாக எடுத்தது வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஐயா, அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. முந்தின வசனத்தைப் படியுங்கள். எழுபது வருஷம் நிறைவேறின பிறகுதான் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார் கர்த்தர். அதுவரைக்கும்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைவைத்த பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே செத்து அடக்கமானார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்குத்தத்தம். ஜனத்துக்குக் கொடுத்த வாக்கு அது, ஆளாளுக்குத் தேதி குறித்துக் கொடுத்தது அல்ல.

தேதி குறித்தவன் ஒருவன் இருந்தான். 28ஆம் அதிகாரம், அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி. இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் அறிவித்து, பாபிலோனுக்கு அடிபணிவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தையும் உடைத்துப் போட்டான். கேட்க இனிப்பாகத்தான் இருந்திருக்கும். புத்தாண்டு ஆராதனையில், "இந்த வருஷமே உனக்கு அற்புதம்" என்று முழங்குகிறவர்கள் எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் செய்தியைச் சொல்கிறார்கள்.

"வேதவாக்கியங்களெல்லாம் பிரயோஜனமுள்ளவை இல்லையா?" என்பீர்கள். ஆம், அந்த எழுபது வருஷமும் சேர்த்துத்தான். "நீ வேதாகமக் கல்லூரியில் படித்தாயா?" இல்லை. முந்தின வசனத்தைப் படிக்கப் பட்டம் எதற்கு? "கிறிஸ்துவுக்குள் வாக்குத்தத்தங்களெல்லாம் ஆம் என்றிருக்கிறதே" என்பது நியாயமான கேள்வி. நானும் அதை நம்புகிறேன். ஆனால் ஆம் என்பதற்கு இந்த டிசம்பருக்குள் என்று அர்த்தம் சொன்னது யார்?

அப்பா புற்றுநோயில் படுத்திருந்தபோது இதே வசனம் அச்சடித்த அட்டையை அம்மா தலையணைக்கடியில் வைத்திருந்தார். சுகம் கிடைத்துவிட்டது என்று வாய்விட்டு அறிக்கையிடச் சொன்னார்கள் சபையார், அம்மாவும் தினமும் சொன்னார். அப்பா இறந்த பிறகு ஒருவர் வீட்டுக்கே வந்து, "முழு மனதோடு அறிக்கையிட்டீர்களா அம்மா?" என்று கேட்டார். அதன்பிறகு பல காலம் அம்மா ஜெபக்கூட்டத்துக்கே போகவில்லை. குற்றவாளி மாதிரி வீட்டுக்குள் இருந்தார். இதைச் செய்தவர்களுக்கு வேதத்தின் பேரில் பேச என்ன உரிமை இருக்கிறது?

ஆபிரகாமுக்குக் கானான் தேசம் முழுவதும் வாக்களிக்கப்பட்டது. மனைவி சாராள் இறந்தபோது அவளை அடக்கம்பண்ணச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. மக்பேலா குகையையும் அந்த நிலத்தையும் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினான். எபிரெயர் 11:13 இவர்களைப் பற்றித்தான் சொல்கிறது: வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று. ஆபிரகாமின் வீட்டுக்கும் போய், விசுவாசத்தில் எங்கோ குறை என்று சொல்வீர்களா?