தஸ்நேவிஸ் மாதா சுரூபமும் மணிலாக் கணக்கும்

அண்ணாச்சி, முத்துக்குளிக்கிறவங்களோட பாதுகாவலியான தூத்துக்குடி பனிமய மாதா (தஸ்நேவிஸ் மாதா) சுரூபத்தை, அதாவது சிலையை, "1555இல் சவேரியாரே மணிலா கன்னியர் மடத்திலிருந்து கொண்டுவந்து வைத்தார்" என்று மேலே போட்டிருக்கீங்க. அது நிற்காது. மதம் பரப்ப வந்த குருவான பிரான்சிஸ் சவேரியார் நம்ம தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். சீனக் கரையோரத் தீவில் இறந்தது 1552 டிசம்பர் 3. ஊர் வழக்கிலேயே சுரூபம் 'சந்தலேனா' கப்பலில் வந்து இறங்கியது 1555 ஜூன் 9தான். அதாவது அவர் போய்ச் சேர்ந்து இரண்டரை வருஷம் கழித்து.

இதைவிடப் பெரிய சிக்கல் மணிலா. இதை யாரும் கவனிக்கிறதே இல்லை. ஸ்பானியர் பிலிப்பைன்ஸில் முதல் குடியேற்றம் போட்டது 1565இல், அதுவும் செபு தீவில். மணிலாவைப் பிடித்தது 1571இல். 1555இல் அங்கே ஏது கன்னியர் மடம்? ஆண்டை வைத்துக்கொண்டால் மணிலாவை விடணும். மணிலாதான் வேணும்னா ஆண்டைப் பின்னால் தள்ளணும். இரண்டையும் ஒரே வரியில் எழுத வழியில்லை.

இன்னொன்று: சுரூபத்தின் வயசும் கோயிலின் வயசும் ஒன்றல்ல. இப்போதுள்ள கோயில் 1713இல் திறந்தது. போப்பாண்டவர் கொடுக்கிற பசிலிக்கா (பெருங்கோயில்) பட்டம் 1982இல் கிடைத்தது. தங்கத்தேரும் வருஷா வருஷம் ஓடாது, விசேஷ ஆண்டுகளில் மட்டும்தான். ஆகஸ்ட் 5 திருவிழா என்னவோ எல்லா வருஷமும் உண்டு.