தன் கோட்டையைத் தானே இடித்தவர்

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், டம்ஃப்ரீஸ் ஊருக்குக் கீழே, சால்வே கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது கார்லாவராக் கோட்டை. குன்றும் இல்லை, மலையும் இல்லை. தட்டையான தாழ்நிலம், சுற்றிலும் அகழி, நடுவில் செம்மணற்கல்லில் முக்கோணமாக ஒரு கோட்டை. பிரிட்டனில் இந்த வடிவத்தில் வேறொன்று கிடையாது.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் 1300 ஜூலைக்குப் போய்விடுகிறார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 87 நைட்டுகளோடும் சுமார் 3,000 வீரர்களோடும் வந்தார். கல்லெறி பொறிகள் அடிக்க ஆரம்பித்ததும் இரண்டே நாளில் கோட்டை பணிந்தது. உள்ளே இருந்தவர்கள் அறுபது பேர்தான். வந்த பிரபுக்களின் கொடிகளை நிறம் நிறமாக வர்ணித்துப் பிரெஞ்சில் ஒரு நீண்ட பாட்டே இருக்கிறது. பாட்டு வென்றவர்களுடையது, அதனால் கதையும் அவர்கள் பக்கமே நிற்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

நான் முதலில் சொல்ல நினைப்பது இந்தக் கோட்டைக்குச் சொந்தக்காரரான யூஸ்டஸ் மேக்ஸ்வெல்லைத்தான். ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர், 1312இல், ஆங்கிலேயரோடு போரிட்டுவந்த ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் பக்கம் வந்தார். அதற்காக வந்த முற்றுகையையும் தாக்குப்பிடித்தார். அப்புறம் தன் கோட்டையைத் தானே இடித்தார். எதிரி கைக்குப் போனால் திரும்ப அதைத் தளமாக்கிக்கொள்வான் என்பதால் கோட்டைகளைத் தகர்ப்பதுதான் புரூஸின் வழி. ஜெயித்த வீட்டை இடிப்பது லேசான காரியமா? அதுவும் அந்தக் குடும்பத்துக்கு! 1220களில் இங்கிருந்து 200 மீட்டர் தெற்கே அவர்கள் கட்டிய முதல் கோட்டையை, ஈரமும் புயலில் ஏறிவந்த கடல்நீரும் தாங்காமல் சுமார் ஐம்பது வருஷத்தில் கைவிட்டு, பாறை தேடி வந்து கட்டியது இது.

பிறகு திரும்பவும் கட்டினார்கள். 1634இல் உள்ளே ஒரு புது மாளிகையே எழும்பியது. ஜன்னல்களுக்கு மேலே குலச்சின்னங்களும் பழைய கிரேக்க, ரோமானியக் கதைக் காட்சிகளும் செதுக்கியிருக்கிறார்கள். மழையில் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் கிட்டப் போய் நின்றால் உருவம் தெரிகிறது. அதில் வாழக் கிடைத்தது ஆறே வருஷம். 1640இல் மன்னரை எதிர்த்த கவனன்டர் படை சூழ்ந்துகொள்ள, பதின்மூன்று வாரம் தாங்கினார்கள். இரண்டு நாளுக்குப் பாட்டு இருக்கிறது, பதின்மூன்று வாரத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

அங்கே போகிற நண்பர்களே, வாசல் கோபுரத்தைப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். முற்றத்துக்குள் போய்த் தெற்கே பாருங்கள். 1640இல் அந்தக் கவனன்டர் படை இடித்த சுவர் அது, அந்தப் பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதன் வழியே நடந்தால் மரங்களுக்கு நடுவே, ஈர மண்ணில், முதல் கோட்டையின் அடிக்கற்கள் இருக்கின்றன.