பார்சிப் புத்தாண்டு ஆகஸ்டில் வருவது ஏன்?

“பார்சிகளின் புத்தாண்டு மார்ச் 21 மட்டுமே, ஆகஸ்ட் கொண்டாட்டம் சுதந்திர தினத்துக்காகப் பின்னர் ஏற்படுத்தப்பட்டது” என்று பரவும் செய்தி தவறானது, ஜொராஸ்ட்ரிய சமயத்தைப் பின்பற்றும் ஒரு சிறிய சமூகத்தின் மரபை இவ்வாறு திரிப்பது வருத்தத்துக்குரியது. இந்தியப் பார்சிகளில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஹன்ஷாஹி நாட்காட்டியில் ஆண்டுக்கு 365 நாட்களே உண்டு. லீப் நாள் சேர்க்கப்படாததால் புத்தாண்டு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாள் முன்னகர்கிறது; இப்படிப் பல நூற்றாண்டுகளாக நகர்ந்தே அது ஆகஸ்டுக்கு வந்துள்ளது. 2023இல் ஆகஸ்ட் 16ஆக இருந்த நாள், 2024இல் ஆகஸ்ட் 15 ஆனது அதனால்தான். முன்னோரை நினைவுகூரும் முக்தாத் நாட்கள் முடிந்து விடியும் அந்தக் காலையில், வாசலில் சுண்ணப்பொடிக் கோலமிட்டு, ரவையைப் பாலில் வேகவைத்த ‘ரவோ’ உண்டு, அக்னி ஆலயத்தில் சந்தனக் கட்டையைக் காணிக்கையாக அளிக்கின்றனர். மார்ச் 21ஐ ஆண்டுத் தொடக்கமாகக் கொள்வோர், லீப் நாள் சேர்க்கும் பஸ்லி நாட்காட்டியைப் பின்பற்றும் சிறுபான்மையினர். மற்றவர்களும் அந்நாளை ‘ஜம்ஷெதி நவ்ரோஸ்’ என்னும் வசந்தகாலப் பண்டிகையாகக் கொண்டாடுவதுண்டு.