அந்த வீடியோவில் இருப்பது வைக்கிங் வாத்தியம் இல்லை

டென்மார்க் கலைஞர்கள் சிலர் ஐரிஷ் நாட்டுப்புற இசை வாசிக்கும் வீடியோ ஒன்று குடும்பக் குழுக்களில் சுற்றி வருகிறது. கூடவே ஒரு குறிப்பு: "கையில் இருப்பது 1000 வருடப் பழைய வைக்கிங் வாத்தியம். டேனிஷ்காரர்கள்தான் அதை அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள்."

வைக்கிங் என்றால் டென்மார்க் பக்கத்துப் பழங்காலக் கடலோடிகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. நீண்ட கழுத்து, இரண்டிரண்டாக எட்டுக் கம்பிகள் என்று இருக்கும் அந்த வாத்தியம் பூசூகி. கிரீஸ் நாட்டுச் சரக்கு. 1960களில் ஜானி மொய்னிஹன் என்ற டப்ளின் கலைஞர்தான் அதை ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தார். அப்புறம் பிளாங்ஸ்டி என்ற ஐரிஷ் இசைக்குழுவின் டோனல் லன்னி போன்றவர்கள் வாசித்துப் பரவியது. கிரேக்க பூசூகியின் முதுகு குடம்போல் உருண்டிருக்கும். ஐரிஷ்காரர்கள் அதைத் தட்டையாக்கிக்கொண்டார்கள். வீடியோவை நிறுத்திப் பாருங்கள், தட்டை முதுகுதான்.

டென்மார்க்குக்கும் டப்ளினுக்கும் பழைய உறவு உண்டு, அது சரி. டென்மார்க்கின் ரோஸ்கில்டே கடற்கழியில் கிடைத்த வைக்கிங் போர்க்கப்பல் ஒன்று 1042 வாக்கில் டப்ளின் பகுதியில் கட்டப்பட்டது என்று அதன் மரத்தில் இருக்கும் வளர்ச்சி வளையங்களே சொல்லின. அதன் மாதிரிக் கப்பல் 2007இல் டப்ளின் வரை போனது. ஆனால் பூசூகி அந்த வழியாக வரவில்லை.

கப்பல் கதையை ரோஸ்கில்டே வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தின் தளத்திலும், வாத்தியக் கதையை ஐரிஷ் மரபிசை பற்றிய எந்த நல்ல கலைக்களஞ்சியத்திலும் பார்க்கலாம். வீடியோவைத் தாராளமாக ரசியுங்கள், அந்தக் குறிப்போடு மட்டும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.