தேங்காய் எண்ணெயும் திங்கட்கிழமை நாற்றமும்

போன செப்டம்பர் 8 அன்று மகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். காவி உடுத்தி வந்த கூட்டத்தையும் மெழுகுவத்திக் கடைகளையும் தாண்டினால், ஒரு சந்தின் முனையில் பலூன் சுடும் கடை. முப்பது ரூபாய்க்கு ஐந்து ரவை. மகள் சுட்டாள், ஒன்றும் படவில்லை. அடுத்த முப்பது ரூபாயை நீட்டி நான் வாங்கினேன்.

உண்மையைச் சொன்னால் பலூன் எனக்கு முக்கியமில்லை. சுட்டு முடித்துக் குழலை மறுபடி மடக்கும்போது ஒரு வாசனை வருமே, அதற்காகத்தான் அந்த முப்பது ரூபாய். சின்ன வயதில் இதே திருவிழாவில், இதே போன்ற கடையில், கன்னத்தை மரக்கட்டையில் சாய்த்துக்கொண்டு அதை நெஞ்சு நிறைய இழுத்திருக்கிறேன். இந்தத் தடவை வரவில்லை. இரண்டாவது ரவைக்கும் இல்லை, மூன்றாவதுக்கும் இல்லை. துப்பாக்கி மடங்குகிற இடத்தில் மூக்கை வைத்தே பார்த்துவிட்டேன். "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மகள்.

வெட்கத்தை விட்டுக் கடைக்காரரிடமே கேட்டேன். அறுபதைத் தாண்டியவர். சிரித்துவிட்டார். "அது தோல் வாஷர் காலம் தம்பி. உள்ள பிஸ்டன்ல தோலு இருக்கும். காஞ்சா காத்து நிக்காது. எங்கப்பா தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு விடுவாரு. இப்ப பிளாஸ்டிக் வாஷர். எண்ணெயே கேக்காது."

வீட்டுக்கு வரும்வரை அதே யோசனை. அந்தக் காற்றுத் துப்பாக்கியில், ஏர்கன்னில், வெடிமருந்து கிடையாது என்பது தெரிந்ததுதான். குழலை மடக்கும்போது உள்ளே கனத்த ஸ்பிரிங் ஒன்று இறுகி நிற்கிறது. விசையை அழுத்தினால் அது பிஸ்டனைப் பாய்ச்சுகிறது. உள்ளே இருக்கும் காற்று ஒரு நொடிகூட ஆகாமல் நெரிந்து பயங்கரமாகச் சூடாகிறது. பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் கசிந்து நின்றால் அது பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் இல்லாமல் டீசல் எஞ்சின் ஓடுவதும் இந்தச் சூட்டில்தான், அதனால் இதற்கும் டீசலிங் என்றே பெயர். சத்தம் கூடும், மெல்லிசாகப் புகை வரும், வாஷரும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும்.

ஆக, முப்பத்தைந்து வருடமாக 'துப்பாக்கி வாசனை' என்று நான் மனசில் பொத்தி வைத்திருந்தது கருகின தேங்காய் எண்ணெய். அதுவும் யாரோ ஒரு சொட்டு அதிகமாக விட்டதால் வந்த கோளாறு. சைக்கிள் பம்பின் வாஷரைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டவர்களுக்கு இதில் பாதி வாசனை தெரிந்திருக்கும்.

(இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்துக் கடைக்காரர் ரவைகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார், இடுப்பு சிறுத்த குட்டிக் குட்டி ரவைகள். அத்தனையும் ஈயம். வீட்டுக்கு வந்ததும் மகளை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன்.)

பழைய மெஷின் வாசனை பற்றி இணையத்தில் யார் எழுதினாலும் நானும் லைக் போடுகிறவன்தான். கிரீஸ், மண்ணெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் புகை, மழை நாளில் மாவு மில் பெல்ட். ஆனால் அடுத்த வரியில் "அந்தக் கால மெஷினுக்கு உயிர் இருந்தது" என்று வந்துவிடுகிறது. அங்கேதான் எனக்கு உதைக்கிறது. நாம் உருகுகிற வாசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கசிவு, தேய்மானம், சூடு, அழுக்கு. சரியாக ஓடுகிற மெஷின் அவ்வளவாக மணக்காது.

இரும்பு வாசனை இன்னும் வேடிக்கை. ஸ்பானரைப் பிடித்தால் கையில் ஒட்டுகிற அந்த வாடை இரும்பிலிருந்து வருவதில்லை. நம் வியர்வை பட்டு இரும்பு கொஞ்சம் கரைகிறது, அது தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையை உடைக்கிறது, அப்போது கிளம்புகிறது வாடை. ஜெர்மன் வேதியியலாளர் டீட்மார் கிளிண்டெமானும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2006-இல் இதைக் காட்டினார்கள். பெரும்பங்கு காளான் வாடை கொண்ட கீட்டோன் என்கிற ஒரு வகை வேதிப்பொருளுடையதாம். அப்பாவின் கையில் நான் முகர்ந்த 'இரும்பு' பாதி அப்பாவேதான்.

அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் லேத்து ஆபரேட்டர், இரும்பைச் சுழற்றிக் கடைகிற மெஷின். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, அல்சூரில் ஒண்டிக் குடித்தனம் இருந்துகொண்டு, முப்பத்தொரு வருடம் ஒரே பட்டறை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் எங்களைத் தொட மாட்டார். முதலில் சோப்புத் தூளும் மரத்தூளும் சேர்த்து முழங்கை வரைக்கும் தேய்ப்பார். அப்படியும் விரல் இடுக்கில் வெடிப்பு இருந்துகொண்டே இருக்கும், இரும்பை வெட்டும்போது ஊற்றுகிற கட்டிங் ஆயில் பண்ணின வேலை. நாங்கள் என்னவோ அவர் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து முகர்வோம். அம்மா, "சீ, கருமம்" என்று பிடுங்கி ஊறப்போடுவாள். யார் சரி என்று இப்போது கேட்டால் அம்மாதான் சரி.

இந்திராநகரில் ஒரு காபிக் கடை இருக்கிறது. பழைய தையல் மிஷின் கால்கள்தான் மேஜை, சுவரில் பற்சக்கரம், மூலையில் துடைத்து மெருகேற்றிய சின்ன லேத் ஒன்று. முந்நூறு ரூபாய் காபி. அப்பாவை ஒருநாள் அழைத்துப் போனேன், குஷியாவார் என்று. லேத்தின் பின்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கை விரலால் தடவிப் பார்த்தார். "எண்ணெய் போடாம வச்சிருக்கான், துரு பிடிக்கும்" என்றார். அவ்வளவுதான். காபி கசக்கிறது என்று பாதியில் வைத்துவிட்டார்.

திருவிழா முடிந்த அடுத்த திங்கட்கிழமை அவரோடு பீன்யா போக வேண்டியிருந்தது, கூட வேலை பார்த்த ஒருவருடைய பட்டறைக்கு. இப்போது மெட்ரோ இருப்பதால் மெஜஸ்டிக்கில் மாறினால் நேராகப் போய் இறங்கலாம். ஷட்டரைத் தூக்கி அரை மணிதான் ஆகியிருந்தது. உள்ளே பழைய எச்எம்டி லேத் ஒன்று, பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட, கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மெஷின் ஒன்று. எச்எம்டி என்கிற அரசு மெஷின் கம்பெனி 1953-இல் ஜாலஹள்ளியில் தொடங்கியது. அந்தக் கம்பெனி லேத்தைத் தொடாமல் இந்த ஊரில் ஒரு தலைமுறை தொழில் கற்றதில்லை என்று அப்பா சொல்வார், கொஞ்சம் மிகைதான்.

நான் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தேன். எண்ணெய், இரும்புச் சுருள், கை துடைக்கிற பனியன் வேஸ்ட், அதற்கெல்லாம் அடியில் அழுகின முட்டை மாதிரி ஏதோ ஒன்று. கண்ணை மூடினால் எட்டு வயது. "அப்பா, அதே வாசனை" என்றேன்.

அவர் அதற்குள் உள்ளே போயிருந்தார். லேத்துக்குக் கீழே குனிந்து கூலன்ட் தொட்டியை, வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுகிற திரவம் நிற்கும் தொட்டியை, எட்டிப் பார்த்தார். மேலே எண்ணெய் ஆடை கட்டியிருந்தது. சனிக்கிழமை நிறுத்தின கூலன்ட்டுக்கு ஞாயிறு முழுக்க ஓட்டம் கிடையாது, ஆடை மூடிக்கொண்டால் காற்றும் கிடையாது. காற்று வேண்டாத கிருமிகள் அப்போது பெருகி அந்த நாற்றத்தைக் கிளப்பும். அவர் நாளில் இதற்குப் பட்டறைப் பெயரே உண்டு, திங்கக்கிழமை நாத்தம். அப்பாவும் அவர் ஜோடிகளும் மூக்கால்தான் பாதி மெஷினைப் பார்த்துக்கொண்டார்கள். ரப்பர் வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது, வார்னிஷ் கருகினால் மோட்டார் வைண்டிங், புகை மூக்கில் ஏறினால் டூல் மழுங்கிவிட்டது.

சிஎன்சி முன்னால் நின்றிருந்த பையனைக் கூப்பிட்டார். இருபது வயது இருக்கும், ஒடிசாக்காரப் பையன். அப்பாவுக்கு இந்தி வராது. மூக்கைப் பிடித்துக் காட்டினார், தொட்டியைக் காட்டினார், கையைக் கவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி காட்டினார். பையன் தலையை ஆட்டிவிட்டு வாளி எடுக்கப் போனான்.

"முழுசா கொட்டச் சொல்லுடா அவன்கிட்ட" என்றார் என்னிடம். "நீ அங்க நின்னு என்னத்த மோந்துட்டு இருக்க?"